சூதாட்ட நகரில் ஒரு சமையலறை

“லாஸ் வேகாஸா? பேரனை இடுப்பில வெச்சுக்கிட்டு சீட்டாடப் போறியாக்கும்!” என்று என் அக்கா டெலிபோனில் சிரித்தாள். எனக்குச் சீட்டும் தெரியாது, சொக்கட்டானும் தெரியாது. ஆனாலும் அந்த ஊரில் ஒரு டம்ளர் வெந்நீருக்காக நாங்கள் பட்ட பாட்டை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது. பெண், பிள்ளை என்று யாராவது அமெரிக்காவில் இருந்தால், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் உங்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறார்கள். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

2024 ஜூலை மாதம். என் பெண் வீடு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில். பேரனுக்கு இரண்டரை வயது. துறுதுறுவென்று இருப்பான், ஆனால் கொஞ்சம் தூசி, கொஞ்சம் புகை பட்டால் போதும், நெஞ்சு ‘கொய்ங்’ என்று இழுக்க ஆரம்பித்துவிடும். நெபுலைஸர் எப்போதும் பையிலேயே இருக்கும். மாப்பிள்ளைக்கு மூன்று நாள் லீவு கிடைத்தது. “அத்தை, ஹூவர் அணையைப் பார்க்கலாம், பெல்லாஜியோ ஹோட்டல் வாசல்ல நீரூற்று ஆடுறதைப் பார்க்கலாம். காஸினோ பக்கமே போக வேண்டாம்” என்றார். பாவம், அவருக்கும் தெரியவில்லை.

காரில் சுமார் 430 கிலோமீட்டர். பாதிக்கு மேல் மொஹாவி பாலைவனம். வழியில் பேக்கர் என்ற சின்ன ஊரில் 134 அடி உயரத்துக்கு ஒரு வெப்பமானியைக் கோபுரம் மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1913இல் பக்கத்து மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் ஞாபகமாக அந்த உயரமாம். ‘நம்ம வேலூர் வெயில் எவ்வளவோ தேவலை!’ என்று நினைத்துக்கொண்டேன். லாஸ் வேகாஸில் அந்த ஜூலை 7ஆம் தேதிதான் 120 டிகிரி அடித்து, அதுவரை இருந்த கணக்கையெல்லாம் முறியடித்திருந்தது. நாங்கள் போனது அதற்கடுத்த வாரம்.

மாப்பிள்ளை சிக்கனக்காரர். ஓர் இரவுக்கு 49 டாலர் என்று விளம்பரம் பார்த்து, ஒரு பெரிய காஸினோ ஹோட்டலில் இரண்டு அறைகளுக்குப் பணம் கட்டியிருந்தார். உள்ளே நுழைந்ததும் என் மூக்குதான் முதலில் விழித்துக்கொண்டது. சிகரெட் வாடை! “ஏண்டி, அமெரிக்காவில்தான் எங்கேயும் சிகரெட் பிடிக்கக் கூடாதே?” என்று பெண்ணைக் கேட்டேன். நெவாடா மாநிலத்தில் 2006இல் ஜனங்களே ஓட்டுப் போட்டு, கட்டடங்களுக்குள் புகைபிடிப்பதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தார்களாம். ஆனால் காஸினோ கூடங்களுக்கு மட்டும் விலக்கு! 2020இலிருந்து ‘பார்க் எம்.ஜி.எம்.’ என்ற ஹோட்டல் மட்டும் துணிந்து காஸினோ உட்பட எங்குமே புகை கூடாது என்று வைத்திருக்கிறது. மற்ற இடங்களில் உங்களுக்குப் புகையில்லாத மாடியில் அறை கொடுப்பார்கள். சரி. அந்த மாடிக்குப் போகிற லிஃப்ட் எங்கே இருக்கிறது? காஸினோவைத் தாண்டி! சாப்பிடப் போகவும் காஸினோ, வாசலுக்கு வரவும் காஸினோ. நம்மூர்க் கோயிலில் எந்தப் பிராகாரத்தைச் சுற்றினாலும் கொடிமரத்துக்கு வந்து சேர்வது போல, எங்கே திரும்பினாலும் அந்த மெஷின்களிடம்தான் வந்து நிற்கிறோம். 21 வயதாகாதவர்கள் அங்கே நிற்கக் கூடாது. குழந்தையோடு கடந்து போகலாம், அவ்வளவுதான். நாங்களும் அன்று மட்டும் நாலு தடவை கடந்தோம்.

இரவு பத்தரை மணிக்குப் பேரன் இரும ஆரம்பித்தான். பெண் நெபுலைஸரை வைத்தாள். “அம்மா, கொஞ்சம் வெதுவெதுன்னு பால் குடிச்சா தூங்கிடுவான்” என்றாள். பால் பவுடர் இருக்கிறது, வெந்நீர் வேண்டும். அறையில் தேடு தேடென்று தேடினோம். கெட்டில் இல்லை, காப்பி மெஷின் இல்லை, ஒன்றுமில்லை. காப்பி குடிக்க வேண்டுமானால் கீழே இறங்கி வந்தாக வேண்டும்; இறங்கி வந்தால் மெஷின் பக்கம் பார்த்தாக வேண்டும். இது மறதியால் விட்டதாக எனக்குத் தோன்றவில்லை!

மாப்பிள்ளை நாளெல்லாம் வண்டி ஓட்டிய களைப்பில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். “அவரை எழுப்பாதே, நான் போய் வாங்கிட்டு வரேன்” என்று எங்கள் வீட்டுக்காரர் ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இவர் பாங்கில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். கறிவேப்பிலைக்குக் கொடுத்த காசைக் கூட ராத்திரி டயரியில் எழுதாமல் படுக்க மாட்டார். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்களைக் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனுஷர்!

பதினொன்றாயிற்று. பதினொன்றரை. பேரனுக்கு இழுப்பு அதிகமாயிற்று. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போகிறதா, மூக்கு விடைக்கிறதா, உதடு நீலம் பாரிக்கிறதா என்று என் பெண் செல்போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதில் எது தெரிந்தாலும் யோசிக்காமல் 911க்குப் போன் செய்ய வேண்டும் என்று குழந்தை டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் எங்கள் இருவருக்கும் மூச்சு நின்றுதான் போயிருந்தது. பன்னிரண்டே காலுக்கு நான் புடவையைச் சரி செய்துகொண்டு கீழே போனேன்.

அங்கே ராத்திரி என்பதே இல்லை. சுவரில் கடிகாரம் கிடையாது, ஜன்னல் கிடையாது. மெஷின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பாடுகின்றன. கால் மணி நேரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் சுற்றினேன். கடைசியில் ஒரு தூணுக்குப் பின்னால், ஒரு டிராகன் படம் போட்ட மெஷினுக்கு முன், மடியில் காலி ஃப்ளாஸ்க்கோடு எங்கள் வீட்டுக்காரர்!

“ஏங்க!” என்றேன். திடுக்கிட்டுத் திரும்பினார். “இதோ வந்துட்டேன்… பத்து நிமிஷம்தான் ஆச்சு…” என்றார். நான் என் கைக்கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன்.

நடந்தது இதுதான். லிஃப்ட் பக்கத்துக் காப்பிக் கடை மூடியிருந்திருக்கிறது. இன்னொன்று கூடத்தின் மறு கோடியில். போகிற வழியில் ‘ஒரு சென்ட் ஆட்டம்’ என்று எழுதிய மெஷினைப் பார்த்திருக்கிறார். ஒரு சென்ட்தானே என்று இருபது டாலர் நோட்டை உள்ளே விட்டிருக்கிறார். ஒரு சென்ட் என்பது பேருக்கு. ஐம்பது அறுபது கோடுகளுக்குச் சேர்த்து, பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் அரை டாலருக்கு மேல் போய்விடுகிறது. நடுவில் ஒரு தடவை முப்பது டாலர் வந்ததாம். அதுதான் வினை. பாங்கில் வட்டிக் கணக்குப் பார்த்தவருக்கு, விட்டதைப் பிடிக்கிற கணக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. போனது 160 டாலர். அன்றைய விலைக்குப் பதிமூவாயிரம் ரூபாய்க்கு மேல்! நெவாடா விதிப்படி ஒரு மெஷின் நூறு ரூபாய்க்குக் குறைந்தது 75 ரூபாயாவது திருப்பித் தர வேண்டுமாம். அது பல லட்சம் ஆட்டத்துக்கான கணக்கு. நம்மவருடைய அந்த ஒரு ராத்திரிக்கு அல்ல. எப்படிப் பார்த்தாலும் மிச்சம் அவர்களுக்குத்தான் என்பது அந்த விதியிலேயே இருக்கிறது.

வெந்நீரை நானே போய் வாங்கி வந்தேன். சும்மாதான் கொடுத்தார்கள். இரண்டு மணி சுமாருக்குக் குழந்தை தூங்கினான். பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. அது திட்டுவதைவிட மோசம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

காலையில் மாப்பிள்ளை விஷயத்தைக் கேட்டார். மாமனாரை ஒன்றும் சொல்லவில்லை. “தப்பு என்னோடதுதான் அத்தை. குழந்தையோட வரும்போது இந்த மாதிரி இடத்தில எடுத்திருக்கக் கூடாது” என்று செல்போனைத் தட்ட ஆரம்பித்தார். ஓர் இரவுக்கான பணத்தை விட்டுவிட்டு, காலை பதினொரு மணிக்கு ஒரு காண்டோ ஹோட்டலுக்கு மாறினோம்.

அது என்ன காண்டோ?

காண்டோ என்றால் நம்மூர் ஃப்ளாட்தான். அடுக்குமாடிக் கட்டடம், ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் ஒரு சொந்தக்காரர். அவர் வருஷத்தில் சில நாள் வந்து தங்குவார். மற்ற நாள்களில் ஹோட்டல் கம்பெனி அதை வாடகைக்கு விட்டு, வருகிற பணத்தில் அவருக்குப் பங்கு கொடுக்கும். சில சொந்தக்காரர்கள் ஹோட்டலை நடுவில் வைக்காமல் தாங்களே வாடகைக்கு விடுவதும் உண்டு. எம்.ஜி.எம். க்ராண்ட் ஹோட்டலை ஒட்டி, 38 மாடிக் கோபுரங்கள் மூன்றாக நிற்கிற சிக்னேச்சர் இப்படிப்பட்டதுதான். 2009 டிசம்பரில் திறந்த வடாராவும் இந்த வகைதான். இரண்டிலும் காஸினோ கிடையாது, புகைபிடிக்கவும் அனுமதி கிடையாது. 2005, 2006 வாக்கில் இவை மளமளவென்று விற்றன. 2008இல் பொருளாதாரம் சரிந்தபோது அந்த ஊரில் வீட்டு விலை பாதிக்கும் கீழே போய், கடன் வாங்கி வாங்கியவர்கள் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள். மெஷின் முன்னால் உட்காராமலே ஆடிய சூதாட்டம் என்று வையுங்களேன்.

நாங்கள் போன இடத்தில் கதவைத் திறந்ததும் நான் முதலில் மோந்து பார்த்தேன். வெறும் சோப்பு வாசனை! லாபியில் நாலு நாற்காலி, ஒரு பூ ஜாடி, லிஃப்ட். அவ்வளவுதான். காஸினோ வேண்டுமென்றால் நடைபாதை வழியாகப் பத்து நிமிஷம் போக வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் நாங்கள் காசு கொடுத்தோம் என்று இப்போதும் சொல்வேன்.

அறைக்குள் ஒரு படுக்கை அறை, ஹாலில் பிரித்துப் போடுகிற சோஃபா. அப்புறம்… இரண்டு அடுப்பு வைத்த குட்டிச் சமையலறை! ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், ஸிங்க். எனக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தது போல் இருந்தது. எல்லாக் காண்டோ ஹோட்டல்களிலும் அடுப்பு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சில அறைகளில் மைக்ரோவேவும் சின்ன ஃப்ரிட்ஜும் மட்டும்தான். பணம் கட்டுமுன் ‘அடுப்பு உண்டா, பாத்திரம் உண்டா’ என்று கேட்டுவிட வேண்டும். எங்கள் அலமாரியில் பாத்திரம் இல்லை. கீழே போன் செய்து கேட்ட பிறகு ஒரு வாணலியும் இரண்டு பாத்திரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கண்ணாடி மேடை போட்ட மின்சார அடுப்பு அது. அடி தட்டையான பாத்திரம்தான் அதில் சூடேறும். நம்முடைய குண்டு வாணலி ஆடிக்கொண்டு நிற்கும். அணைத்த பிறகும் வெகு நேரம் சூடு இருக்கும். பால் பொங்கும்போது அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது, பாத்திரத்தையே நகர்த்த வேண்டும். குழந்தை கையை வைக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். மேடை சிவப்பாகத் தெரியாததால் சூடு இருப்பதே தெரியாது. தாளிக்கிற விஷயம் இன்னும் கவனம்! எண்ணெய் காய்ந்து மிளகாய் வெடித்தால் புகை மணி அலறிவிடும். அதனால் கடுகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலையை நெய்யில் தாளித்து ஒரு குட்டி பாட்டிலில் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ரசப்பொடி, புளிக்காய்ச்சல், வறுத்து அரைத்த கஞ்சிப் பொடி இருந்தால் மூன்று நாளை ஓட்டிவிடலாம். என் பெண் தற்செயலாக ரசப்பொடி எடுத்து வந்திருந்தாள். தாளிப்பை மூடி போட்டு, அடுப்பைத் தணித்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தேன். அன்று மத்தியானம் பேரன் மிளகு ரசம் சாதம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

பால் வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனோம். வாசலிலேயே வரிசையாகச் சூதாட்ட மெஷின்கள்! கத்தரிக்காய் வாங்க வந்த கிழவி ஒருத்தி பையைக் காலடியில் வைத்துவிட்டு அழுத்திக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்காரர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தபடி நடந்தார்.

கணக்கைப் பார்ப்போமா?

முதல் ஹோட்டலில் 49 டாலர் அறைக்கு ‘ரிசார்ட் கட்டணம்’ என்று தினமும் 45 டாலர் தனி. இரண்டுக்கும் சேர்த்து வரி சுமார் 13 சதவீதம். ஆக ஓர் அறை 106 டாலர் ஆயிற்று. இரண்டு அறை 213. காண்டோவில் ஒரு ஸ்வீட் 139 டாலர். அங்கேயும் அந்த 45 உண்டு, வரி உண்டு. மொத்தம் 209. ஐந்து பேரும் அதில் அடங்கிவிட்டோம்! வெளியில் சாப்பிடுகிற செலவு போனது தனி லாபம். 2025 மே மாதத்திலிருந்து அமெரிக்க அரசின் விதி ஒன்று வந்திருக்கிறது. இந்தக் கட்டாயக் கட்டணத்தை ஒளித்து வைக்காமல், முதலில் காட்டுகிற விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும். கட்டணம் ஒழிந்துவிடவில்லை; கண்ணுக்குத் தெரிகிறது. சொந்தக்காரரிடமிருந்து நேராக எடுத்தால் சுத்தம் செய்யத் தனிப் பணம் கேட்பார்கள். இரண்டு நாள் தங்குவதற்கு அது கட்டாது.

இன்னொன்று, வந்து சேர்ந்ததும் முன்பணமாகக் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். பாங்குக் கணக்கிலிருந்து நேரே எடுக்கிற டெபிட் கார்டைக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பி வரச் சில நாள் ஆகும்; கிரெடிட் கார்டே நல்லது. அறையில் அழகாக அடுக்கி வைத்திருக்கிற சாக்லேட், பாட்டில்களைக் குழந்தை தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அடியில் கருவி வைத்திருக்கிறார்கள். எடுத்துவிட்டுத் திருப்பி வைத்தாலும் கணக்கில் ஏறிவிடும். பேரன் ஒரு டப்பாவைக் கிலுகிலுப்பை ஆட்டினான். பில்லில் அது இருந்தது. சொன்னதும் கழித்துவிட்டார்கள். சொல்லாவிட்டால்?

அறை சுத்தம் செய்ய வந்த பெண்மணிக்கு என் வயதிருக்கும். மெக்ஸிகோவிலிருந்து வந்தவள். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. ரசத்தின் வாசனை தெரிந்தது. ஒரு டம்ளர் கொடுத்தேன். கண்ணில் நீர் வர வர, சிரித்துக்கொண்டே குடித்தாள். அந்த ஊர் ஹோட்டல் தொழிலாளர் சங்கத்தில் சுமார் 60,000 பேர்; பாதிக்கு மேல் பெண்கள். கொரோனாவுக்குப் பிறகு ‘கேட்டால்தான் சுத்தம் செய்வோம்’ என்று ஹோட்டல்கள் ஆரம்பித்தனவாம். நாலு நாள் குப்பையை ஒரே நாளில் வாரி, இடுப்பு ஒடிந்தது யாருக்கு? இவர்களுக்குத்தான். 2023 நவம்பரில் வேலைநிறுத்தத்தின் விளிம்பு வரை போய், பெரிய ஹோட்டல்களில் தினமும் சுத்தம் செய்வதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். கிளம்பும்போது தலையணை மேல் நாளைக்கு ஐந்து டாலர் வைத்துவிட்டு வருவது அங்கே வழக்கம். எங்கள் வீட்டுக்காரர் தாமாகவே பத்தாக வைத்தார்.

வெயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் தப்பு. அங்கே வேர்ப்பதே தெரியாது. வேர்வை வந்த நொடியே காய்ந்துவிடும். ‘வேர்க்கலையே’ என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தலைவலி, மயக்கம். பேரனுக்கு மூக்கிலிருந்து சொட்டு ரத்தம் வந்தது. ராத்திரி மூக்கு ஓரத்தில் துளி வாஸலின் தடவினோம். காலை எட்டு மணிக்குள்ளும் பொழுது சாய்ந்த பிறகும்தான் வெளியே போனோம். எதிர்த்த ஹோட்டல் கூப்பிடு தூரம் மாதிரி தெரியும்; நடந்தால் அரை மணி. நிறுத்திய காரில் குழந்தையை ஒரு நிமிஷம் கூட விடக் கூடாது. கார் ஸீட்டின் பக்கிள் கூடச் சுட்டுவிடும். அமெரிக்காவில் திடீரென்று மருந்து தேவைப்பட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள். நம்மூரில் ஸால்ப்யூடமால் என்பதை அங்கே ஆல்ப்யூடரால் என்பார்கள். மருந்து ஒன்றுதான், டாக்டர் சீட்டு வேண்டும்.

பாத்திரம் கழுவும்போது ‘பாலைவனத்தில் இவ்வளவு தண்ணீரை வீணாக்குகிறோமே’ என்று எனக்கு உறுத்தியது. வீட்டுக்குள் செலவாகிற தண்ணீர் அவ்வளவையும் சுத்தம் செய்து லேக் மீட் ஏரிக்கே திருப்பி அனுப்புகிறார்களாம். ஹூவர் அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கிற அதே ஏரி. மறுநாள் அதிகாலையில் அணை மேல் நின்று பார்த்தபோது, ‘என் ரசப் பாத்திரம் கழுவிய தண்ணீரும் இதில் இருக்கிறது’ என்று பேரனிடம் சொன்னேன்.

அன்று சாயங்காலம் பெல்லாஜியோ நீரூற்று. 1998இலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறது, டிக்கெட் கிடையாது, தெருவிலிருந்தே பார்க்கலாம். தாத்தா தோளில் உட்கார்ந்துகொண்டு பேரன் ஒவ்வொரு தடவை தண்ணீர் எழும்போதும் கை தட்டினான். இருமல் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் என் பெண் அப்பாவிடம், “காலைப் பிடிச்சுக்கோப்பா, வழுக்கிடப் போறான்” என்றாள். இரண்டு நாளைக்குப் பிறகு அவள் அவரோடு பேசிய முதல் பேச்சு அது.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து, டெலிபோன் பில்லைத் தேடும்போது அவருடைய டயரி கையில் கிடைத்தது. அந்தத் தேதியைப் புரட்டினேன். பெட்ரோல், பால், வாழைப்பழம் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே, அதே மணிமணியான எழுத்தில்: ‘வெந்நீர் – 160 டாலர்.’